ரீரைட் செய்த பாதை வேலை செய்யவில்லையா? இன்கிரஸ் பிழைகளை அறிகுறி பார்த்துத் தேடும் வழி

குபர்னெட்டிஸ் கிளஸ்டரில் (பல கணினிகளைச் சேர்த்து ஆப்களை ஓட்டும் அமைப்பு) ஒரே டொமைனுக்குக் கீழே /ஏபிஐ ஒரு சர்வீஸுக்கு, /பில்லிங் இன்னொன்றுக்கு என்று பிரித்துவிடுவது பார்க்கச் சுலபம். இப்படிப் பிரிக்கும் விதிதான் இன்கிரஸ்; போகும் வழியில் பாதையை மாற்றி எழுதுவது ரீரைட். யாம்ல் என்ற அமைப்புக் கோப்பில் பத்துப் பதினைந்து வரி. அப்படியும் "ரீரைட் வேலை செய்யல" என்று யாராவது வந்து நிற்பது ஓய்வதில்லை. அவர்கள் சொல்லும் அறிகுறிகள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். ஒவ்வொன்றையும் செலவில்லாத காரணத்தில் தொடங்கி எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

இங்கே பேசுவது குபர்னெட்டிஸ் சமூகம் பராமரித்த இன்கிரஸ்-என்ஜினெக்ஸ் கன்ட்ரோலரை (என்ஜினெக்ஸ் வெப் சர்வரை வைத்து இன்கிரஸ் விதிகளை நடத்திவைக்கும் நிரல்) பற்றி. அதற்கு ஓய்வு என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். 2026 மார்ச் வரைதான் பராமரிப்பு என்றும் சொன்னார்கள். ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரை ஒரே இரவில் யாரும் மாற்றுவதில்லை. இன்கிரஸுக்கு அடுத்த தலைமுறையான கேட்வே ஏபிஐக்குப் போய்விட்டவர்களுக்குக் கடைசியில் ஒரு பகுதி உண்டு. கட்டளைகளையும் அனோடேஷன் (இன்கிரஸில் ஒட்டும் அமைப்புக் குறிப்பு) பெயர்களையும் வாயால் சொல்வதுபோல எழுதியிருக்கிறேன்.

## எதையும் மாற்றும் முன்: பதில் சொல்வது யார்?

எந்த கன்ட்ரோலர்? "குபெக்டில் கெட் இன்கிரஸ்கிளாஸ்" போட்டு, கன்ட்ரோலர் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். பெயரில் என்ஜினெக்ஸ் உள்ள கன்ட்ரோலர்கள் இரண்டு உண்டு. கே8எஸ்.ஐஓ/இன்கிரஸ்-என்ஜினெக்ஸ் என்றிருந்தால் சமூகத்துடையது. அதன் அனோடேஷன்கள் என்ஜினெக்ஸ்.இன்கிரஸ்.குபர்னெட்டிஸ்.ஐஓ என்று தொடங்கும். என்ஜினெக்ஸ்.ஆர்க்/இன்கிரஸ்-கன்ட்ரோலர் என்றிருந்தால் என்ஜினெக்ஸ் நிறுவனத்துடையது. அதன் அனோடேஷன்கள் என்ஜினெக்ஸ்.ஆர்க் என்று தொடங்கும். ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றில் போட்டால் பிழை எதுவும் வராது. சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். சின்ன குபர்னெட்டிஸான கே3எஸ் நிறுவினால் கூடவே வருவது ட்ரேஃபிக் என்ற வேறொரு கன்ட்ரோலர். அங்கே ரீரைட்டுக்கு ஸ்ட்ரிப்-ப்ரிஃபிக்ஸ் மிடில்வேர் (முன்னொட்டை வெட்டும் விதி) எழுத வேண்டும்.

இணையத்தில் கிடைத்த யாம்லை அப்படியே ஒட்டிவிட்டு மணிக்கணக்கில் தேடுகிறவர்களில் நிறைய பேர் இந்த முதல் படியிலேயே வீட்டுக்குப் போய்விடலாம்.

கன்ட்ரோலர் லாகில் அந்த ஒரு வரி. பிரவுசரை விட்டுவிட்டு கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியில் ஒரு கோரிக்கை அனுப்புங்கள். உடனே கன்ட்ரோலர் பாட்டின் (பாட் என்பது கிளஸ்டரில் ஒரு நிரல் ஓடும் பெட்டி) லாகில் அதற்குரிய வரியைத் தேடுங்கள். வரியின் பின்பாதியில் சதுர அடைப்புக்குள் நேம்ஸ்பேஸ்-சர்வீஸ்-போர்ட் என்று ஒரு பெயர் இருக்கும் (நேம்ஸ்பேஸ் என்பது கிளஸ்டருக்குள் பிரித்த ஒரு பகுதி). அதற்கடுத்து பாட்டின் ஐபி முகவரி, கடைசிக்கு முன்னால் பாட் தந்த ஸ்டேட்டஸ் எண்.

ஐபி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடோ (-) 127.0.0.1:8181 என்றோ இருந்தால் கோரிக்கை உங்கள் எந்தப் பாட்டையும் தொடவில்லை. பதில் சொன்னது இன்கிரஸ். உங்கள் பாட்டின் ஐபி இருந்து, கூடவே 404 இருந்தால் அந்த 404-ஐச் சொன்னது உங்கள் ஆப். தேடவேண்டிய இடத்தில் பாதி இங்கேயே கழிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அந்த வரியில் தெரியும் பாதை பிரவுசர் அனுப்பிய மூலப் பாதை. ரீரைட் ஆன பிறகு என்ன ஆனது என்று அதில் தெரியாது. "லாகில் /ஏபிஐ/ஆர்டர் என்றுதானே இருக்கிறது, ரீரைட் ஆகவேயில்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மாறிய பாதையைப் பார்க்க ஆப்பின் அக்சஸ் லாகைத் திறங்கள். ஆப் எதையும் எழுதாத ரகமென்றால், வந்த கோரிக்கையை அப்படியே திருப்பிக் காட்டும் எக்கோ சர்வர் ஒன்றைத் தற்காலிகமாக அந்த சர்வீஸுக்குப் பின்னால் நிறுத்துங்கள். எனேபிள்-ரீரைட்-லாக் என்ற அனோடேஷனும் உண்டு. ஆனால் அது எர்ரர் லாகில் நோட்டீஸ் அளவில் எழுதும்; கான்ஃபிக்மேப்பில் (கன்ட்ரோலரின் பொது அமைப்புகள்) யாராவது எர்ரர்-லாக்-லெவலை நோட்டீஸுக்கு மேலே ஏற்றியிருந்தால் கண்ணில் படாது.

## அறிகுறி: 404, ஆனால் பாட்டுக்குப் போகவேயில்லை

இன்கிரஸ் கிளாஸ் விடுபட்டது. "குபெக்டில் கெட் இன்கிரஸ்" போட்டால் கிளாஸ் நெடுவரிசை காலியாகவோ, முகவரி நெடுவரிசை வெகுநேரமாகக் காலியாகவோ இருக்கும். எந்த கன்ட்ரோலரும் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளவில்லை. இன்கிரஸ்-கிளாஸ்-நேம் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

ஹோஸ்ட் பொருந்தவில்லை. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்த்தும் சேர்க்காமலும் வருவது வேறு வேறு ஹோஸ்ட். நட்சத்திரக் குறி போட்ட ஹோஸ்ட் ஒரே ஒரு அடுக்கை மட்டும்தான் பிடிக்கும். கர்லில் ஹோஸ்ட் ஹெடரைக் கையால் கொடுத்துப் பாருங்கள்.

பாத்-டைப் (பாதையை ஒப்பிடும் முறை). எக்ஸாக்ட் என்று போட்டு /ஏபிஐ எழுதியிருந்தால் /ஏபிஐ/ கூடப் பொருந்தாது. ப்ரிஃபிக்ஸ் சாய்கோட்டுக்குச் சாய்கோடு, துண்டு துண்டாக ஒப்பிடும்: /ஏபிஐ என்பது /ஏபிஐ/ஆர்டரைப் பிடிக்கும், /ஏபிஐடாக்ஸைப் பிடிக்காது. (இந்த ஒழுங்கு எப்போது குலைகிறது என்பது கீழே வருகிறது.)

யாம்ல் உள்ளேயே போகவில்லை. அடைப்புக்குறி, நட்சத்திரம் போன்ற ரீஜெக்ஸ் (எழுத்து வடிவங்களைப் பொருத்திப் பார்க்கும் முறை) குறிகள் உள்ள பாதைக்கு பாத்-டைப் ப்ரிஃபிக்ஸ் என்று எழுதினால் புதிய பதிப்புகள் ஏற்பதில்லை. இந்தக் கண்டிப்பு 1.8-இல் விருப்பமாக வந்து 1.12-இல் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. இம்ப்ளிமென்டேஷன்-ஸ்பெசிஃபிக் என்று மாற்றுங்கள். கையால் அப்ளை செய்தால் வெப்ஹூக் (உள்ளே விடும் முன் யாம்லைச் சோதிக்கும் பகுதி) மறுப்பது திரையிலேயே தெரியும். சிஐ பைப்லைன் (தானாக நிறுவும் வரிசை) வழியாகப் போனால் அது ஏதோ ஒரு லாக் கோப்பின் நடுவில் புதைந்துகிடக்கும். கிளஸ்டரில் பழைய இன்கிரஸ் அப்படியே இருக்கும். "குபெக்டில் கெட் இன்கிரஸ் -ஓ யாம்ல்" போட்டு நீங்கள் எழுதியதும் அங்கே இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

கடைசியாக. கன்ட்ரோலர் பாட்டுக்குள் எக்ஸெக் செய்து (உள்ளே நுழைந்து கட்டளை ஓட்டி), /இடிசி/என்ஜினெக்ஸ் அடைவிலுள்ள கான்ஃப் கோப்பில் உங்கள் ஹோஸ்டைத் தேடுங்கள். இன்கிரஸ் எல்லாம் சரியாக இருந்தும் அங்கே லொகேஷன் பிளாக் (ஒரு பாதைக்கான என்ஜினெக்ஸ் விதி) இல்லையென்றால், அல்லது கன்ட்ரோலர் லாகில் ரீலோட் (புதிய அமைப்பைத் திரும்ப ஏற்றுவது) தோற்றது என்று வந்தால், அதற்குமேல் நீங்கள் தோண்ட வேண்டாம். கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் குழுவிடம் கொடுங்கள். இன்னொருவரின் தவறான இன்கிரஸ் எல்லோருடைய ரீலோடையும் தடுத்துக்கொண்டிருக்கலாம்.

## அறிகுறி: 404, அதைச் சொல்வது பாட்

மெய்யான ரீரைட் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான். கோரிக்கை வந்து சேர்ந்துவிட்டது, பாதை தப்பு.

ரீரைட்டே இல்லை. ஆப்புக்கு /ஆர்டர் மட்டும்தான் தெரியும், வந்ததோ /ஏபிஐ/ஆர்டர். இன்கிரஸ் தானாக முன்னொட்டை வெட்டாது. ரீரைட்-டார்கெட் அனோடேஷன் வேண்டும்.

ரீரைட்-டார்கெட்டில் வெறும் "/". இதைப் போட்டால் எந்தப் பாதை வந்தாலும் ஆப்புக்கு "/" மட்டுமே போகும். எதைக் கேட்டாலும் ஒரே முகப்புப் பக்கம் 200-உடன் வருகிறது என்றால் காரணம் இதுதான். 2019-இல் வந்த 0.22 பதிப்புக்கு முன்பு வெறும் "/" போட்டாலே முன்னொட்டு மட்டும் போய் மிச்சம் தங்கும். அந்தக் காலத்துக் குறிப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 0.22 முதல், எது தங்க வேண்டும் என்பதை அடைப்புக்குறியால் பிடித்து, எண்ணால் சொல்ல வேண்டும்.

சரியான வடிவம்:

பாதை: /ஏபிஐ(/|$)(.*)
பாத்-டைப்: இம்ப்ளிமென்டேஷன்-ஸ்பெசிஃபிக்
ரீரைட்-டார்கெட்: /$2
யூஸ்-ரீஜெக்ஸ்: "ட்ரூ"

இது நடந்துகொள்ளும் விதம்:

/ஏபிஐ → /
/ஏபிஐ/ → /
/ஏபிஐ/ஆர்டர்/7 → /ஆர்டர்/7
/ஏபிஐடாக்ஸ் → பொருந்தாது

நிறைய பேர் குறுக்குவழியாக /ஏபிஐ/?(.*) என்று எழுதி $1 போடுகிறார்கள். முதல் மூன்றும் சரியாகவே வரும், சோதனையிலும் தேறிவிடும். ஆனால் /ஏபிஐடாக்ஸ் என்று வேறொரு சர்வீஸ் முளைக்கும் நாளில் அதுவும் இதற்குள் விழுந்து /டாக்ஸ் ஆகிவிடும். அந்த (/|$) துண்டு அலங்காரத்துக்கு இல்லை.

எண் மாறியது. (/|$) என்பதும் ஓர் அடைப்புக்குறி, அது $1. மிச்சப் பாதை $2. அடைப்புக்குறி ஒன்றே ஒன்று இருக்கும்போது $2 போட்டால் அது காலி. எல்லாம் "/"-க்குப் போகும்.

ஷெல் $2-ஐ விழுங்கியது. இது கொஞ்சம் வஞ்சகமானது. ஷெல் ஸ்கிரிப்டில் ஹியர்-டாக் (ஸ்கிரிப்டுக்குள்ளேயே உரையை எழுதும் முறை) வழியாக யாம்லை எழுதி அப்ளை செய்யும்போது, தொடக்கத்தில் உள்ள இஓஎஃப் மேற்கோளுக்குள் இல்லாவிட்டால், ஷெல் $2-ஐத் தன்னுடைய இரண்டாவது ஆர்க்யுமென்ட் என்று நினைத்துக் காலியாக்கிவிடும். கோப்பில் /$2, கிளஸ்டரில் "/". ஸ்கிரிப்டை எத்தனை முறை படித்தாலும் தவறு தெரியாது. கிளஸ்டரில் உள்ளதை யாம்லாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு தடவை வெட்டியது. ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் கான்டெக்ஸ்ட்-பாத் (ஆப்பே எதிர்பார்க்கும் முன்னொட்டு) /ஏபிஐ என்று வைத்திருக்கிறார்கள். இன்கிரஸும் /ஏபிஐயை வெட்டுகிறது. ஆப் எதிர்பார்ப்பது முன்னொட்டோடு, கிடைப்பது முன்னொட்டில்லாமல். இரண்டில் ஒரு இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்-ஃபார்வர்டு போட்டு, இன்கிரஸைச் சுற்றிக்கொண்டு நேராக ஆப்பிடம் இரண்டு பாதையையும் கேட்டால் அது எதை அறியும் என்பது அரை நிமிடத்தில் தெரியும்.

பாதைக்குள் %2எஃப் (சாய்கோட்டின் குறியீட்டு வடிவம்). சில ஐடிகள் மட்டும் 404, மற்றவை சரி என்றால் அந்த ஐடிகளில் சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ரீரைட் இல்லாதபோது என்ஜினெக்ஸ் பாதையைக் கிளையன்ட் அனுப்பிய அதே வடிவில் கைமாற்றும். ரீரைட் நடந்துவிட்டால் டீகோட் செய்து சீராக்கிய பாதையே போகும். %2எஃப் வெறும் / ஆகிவிடும். அடுத்தடுத்து இருந்த // ஒன்றாகிவிடும். "குழு%2எஃப்திட்டம்" என்று ஒரே துண்டாகப் போன பெயர் ஆப்பிடம் இரண்டு துண்டாகச் சேரும். இதற்கு அனோடேஷன் மருந்து தேடி நேரம் போக்க வேண்டாம். ரீரைட்டை எடுத்துவிட்டு, முன்னொட்டை ஆப்பே ஏற்கும்படி செய்வதுதான் நிலைக்கும்.

பொதுவாகவே என் கட்சி இதுதான்: ஆப் உங்கள் கையில் இருந்தால் முன்னொட்டை ஆப்புக்குச் சொல்லிக்கொடுங்கள். நிரலைத் தொட முடியாத மூன்றாம் தரப்பு மென்பொருளுக்கு மட்டும் ரீரைட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: நேற்று வரை ஓடிய வேறொரு பாதை இன்று உடைந்தது

"என் இன்கிரஸை நான் தொடவேயில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பொய்யில்லை, உண்மையாகவே தொட்டிருக்க மாட்டார்கள்.

அதே இன்கிரஸில் வேறு பாதைகள். அனோடேஷன் பாதைக்குப் பாதை தனித்தனி கிடையாது. அந்த இன்கிரஸில் உள்ள எல்லாப் பாதைக்கும் பொருந்தும். /ஏபிஐக்காக /$2 போட்டீர்கள். அதே கோப்பில் இருந்த "/" பாதையில் இரண்டாவது அடைப்புக்குறி இல்லை. முகப்பு ஆப்புக்குப் போகும் எல்லாக் கோரிக்கையும் "/" ஆகிவிட்டது. ரீரைட் வேண்டிய பாதைக்குத் தனி இன்கிரஸ், வேண்டாததற்குத் தனி இன்கிரஸ் என்று பிரியுங்கள்.

அதே ஹோஸ்டில் வேறொருவரின் இன்கிரஸ். பிரித்த பிறகும் ஒரு வினை மிச்சமிருக்கிறது. ஒரு ஹோஸ்டுக்கு எந்த ஒரு இன்கிரஸிலாவது ரீரைட்-டார்கெட்டோ யூஸ்-ரீஜெக்ஸோ வந்துவிட்டால், அந்த ஹோஸ்டின் எல்லாப் பாதைகளும் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காத ரீஜெக்ஸாக மாறும். யாருடைய இன்கிரஸ், எந்த நேம்ஸ்பேஸ் என்ற வித்தியாசம் கிடையாது. ரீஜெக்ஸாக மாறிய பாதை தொடக்கத்தை மட்டும் ஒப்பிடும், முடிவைப் பார்க்காது. அதனால்:

- ப்ரிஃபிக்ஸ் என்று எழுதிய /ஏபிஐ, இப்போது /ஏபிஐடாக்ஸையும் பிடிக்கும்.
- எக்ஸாக்ட் என்று எழுதிய /ஹெல்த், இப்போது /ஹெல்த்கார்டையும் பிடிக்கும்.
- பாதையில் இருக்கும் புள்ளி, எந்த எழுத்துக்கும் பொருந்தும் குறியாகிவிடும்.

யாருக்கு முன்னுரிமை என்பதும் மாறுகிறது. நீளமான பாதை முதலில் வரிசைப்படுத்தப்பட்டு, முதலில் பொருந்தியது வெல்லும். இங்கே நீளம் என்பது நீங்கள் எழுதிய பேட்டர்னின் எழுத்து எண்ணிக்கை. (/|$)(.*) என்ற வால் ஒட்டிய பாதை, வால் இல்லாத எக்ஸாக்ட் பாதையை முந்திவிடும்.

சோதனை: எல்லா நேம்ஸ்பேஸிலும் உள்ள இன்கிரஸ்களை எடுத்து, அந்த ஹோஸ்ட் உள்ளவற்றை மட்டும் பிரியுங்கள். ரீரைட்-டார்கெட் எதில் இருக்கிறது, எப்போது வந்தது என்று பாருங்கள். பிறகு கன்ட்ரோலருக்குள் உள்ள கான்ஃப் கோப்பில் அந்த ஹோஸ்டின் லொகேஷன் வரிகளைப் பாருங்கள். ~* என்று தொடங்கினால் ரீஜெக்ஸ் இறங்கிவிட்டது.

சின்னச் செலவில் தீர்வு, உங்கள் பாதைகளுக்கும் (/|$) போட்டு எல்லையை நீங்களே வரைவது. சுத்தமான தீர்வு, ரீரைட் வேண்டிய ஆப்புக்குத் தனி சப்-டொமைன். அது டிஎன்எஸ், சான்றிதழ், கோர்ஸ் (வேறு டொமைனிலிருந்து கேட்க பிரவுசருக்குத் தரும் அனுமதி) என்று நாலு பேரைத் தொடும் வேலை. பல குழுக்கள் பங்கிடும் ஹோஸ்டில் இதை நீங்களாகச் செய்யாமல் கிளஸ்டர் குழுவைக் கூட்டிவையுங்கள். போகும்போது அந்த கன்ட்ரோலர் லாக் வரி, கர்ல் -வி வெளியீடு, கிளஸ்டரிலிருந்து எடுத்த யாம்ல் மூன்றையும் கொண்டுபோங்கள்.

## அறிகுறி: பக்கம் வருகிறது, ஆனால் வெள்ளையாக

பிரவுசர் கன்சோலில் "எதிர்பாராத குறி <" என்ற சிண்டாக்ஸ் பிழை. ஏபிஐ எல்லாம் 200. சிஎஸ்எஸ், ஜேஎஸ் எதுவும் இல்லை.

நடந்தது இது. பக்கம் /பில்லிங்/-இல் திறந்தது. உள்ளே இருக்கும் இணைப்போ /ஸ்டாட்டிக்/மெயின்.ஜேஎஸ் என்று வேரிலிருந்து தொடங்குகிறது. பிரவுசர் முன்னொட்டில்லாமல் கேட்டது. "/"-ஐ வைத்திருக்கும் வேறொரு ஆப் அதை வாங்கித் தன் முகப்பு ஹெச்டிஎம்எல்லை 200-உடன் கொடுத்தது. ஜாவாஸ்கிரிப்ட் எதிர்பார்த்த இடத்தில் ஹெச்டிஎம்எல்லின் முதல் < வந்து நிற்கிறது.

ரீரைட் போகும் பாதையை மட்டுமே திருத்தும். வரும் பதிலுக்குள் உள்ள இணைப்புகளைத் தொடாது. உங்களுக்கு வரும் கடிதத்தின் முகவரியைத் திருத்தித் தரும் தபால்காரர், நீங்கள் எழுதும் பதிலைப் பிரித்துத் திருத்துவாரா? இந்த அறிகுறிக்கு இன்கிரஸில் மருந்து இல்லை, ஆப்பில்தான் இருக்கிறது.

- முகப்பைக் கட்டும் கருவி வீட் என்றால் பேஸ். ஆங்குலர் என்றால் பேஸ்-ஹெச்ரெஃப். நெக்ஸ்ட் என்றால் பேஸ்பாத். இவை பில்டு நேரத்தில் பதிவாகிவிடும். என்விரான்மென்ட் மாறியை டிப்ளாய்மென்ட்டில் மாற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். இமேஜைத் திரும்பக் கட்ட வேண்டும்.
- கிராஃபானாவில் ரூட்-யூஆர்எல்லை முன்னொட்டோடு வைத்து, சர்வ்-ஃப்ரம்-சப்-பாத்தை ட்ரூ ஆக்குங்கள். பிறகு இன்கிரஸில் வெட்டத் தேவையில்லை.
- ப்ரொமீதியஸில் வெப்.எக்ஸ்டர்னல்-யூஆர்எல்லில் முன்னொட்டு இருந்தால், அது அந்த முன்னொட்டோடுதான் கோரிக்கையை எதிர்பார்க்கும். இன்கிரஸில் வெட்டியே தீர வேண்டுமென்றால் வெப்.ரூட்-ப்ரிஃபிக்ஸை "/" என்று வையுங்கள்.
- ஜென்கின்ஸுக்கு ப்ரிஃபிக்ஸ் ஆப்ஷன். இன்கிரஸில் வெட்டக் கூடாது.

/பில்லிங்/ என்று திறந்தால் சரி, /பில்லிங் என்று திறந்தால் மட்டும் உடைகிறது என்றால் அது கடைசிச் சாய்கோடு பிரச்சினை. இணைப்புகள் சார்புப் பாதையாக இருக்கின்றன. சாய்கோடு இல்லாதபோது பிரவுசர் ஓர் அடுக்கு மேலே போய்த் தேடுகிறது. ஹெச்டிஎம்எல்லின் பேஸ் டேகில் /பில்லிங்/ என்று எழுதினால் இரண்டும் ஓடும்.

பதிலுக்குள் உள்ள இணைப்புகளை என்ஜினெக்ஸ் ஸ்னிப்பெட் (இன்கிரஸில் நுழைக்கும் என்ஜினெக்ஸ் அமைப்புத் துணுக்கு) போட்டு மாற்றச் சொல்லும் யோசனைகள் நிறையக் கிடைக்கும். 1.9 முதல் ஸ்னிப்பெட் அனோடேஷன்கள் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கின்றன, காரணம் பாதுகாப்பு. இந்த ஒரு வெள்ளைப் பக்கத்துக்காகக் கிளஸ்டர் முழுக்க அதைத் திறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

## அறிகுறி: லாகின் செய்தால் முன்னொட்டு காணாமல் போகிறது, அல்லது லாகின் நிற்பதில்லை

லொகேஷன் ஹெடர். கர்ல் -ஐ போட்டுப் பாருங்கள். 302-உடன் லொகேஷன் /லாகின் என்று வந்தால், ஆப்புக்குத் தான் /பில்லிங்குக்குக் கீழே இருப்பது தெரியவில்லை. எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரிஃபிக்ஸ் அனோடேஷனை ரீரைட்-டார்கெட்டோடு சேர்த்து வையுங்கள். அந்த ஹெடரைப் படிக்கும்படி ஆப்பையும் அமைக்க வேண்டும். ஸ்பிரிங் பூட்டில் ஃபார்வர்டு-ஹெடர்ஸ்-ஸ்ட்ராட்டஜியை ஃப்ரேம்வர்க் என்று வைப்பது. யுவிகார்னில் ஓடும் ஃபாஸ்ட்ஏபிஐக்கு ரூட்-பாத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆப்பைத் தொடவே முடியாது என்றால் ப்ராக்ஸி-ரீடைரெக்ட்-ஃப்ரம், ப்ராக்ஸி-ரீடைரெக்ட்-டூ இரண்டும் லொகேஷன் ஹெடரைத் திருத்தும்.

குக்கியின் பாதை. ஆப் உள்ளே /ஆப் என்ற பாதைக்குக் குக்கி வைக்கிறது. பிரவுசர் இருப்பதோ /பில்லிங்கில். பிரவுசர் அந்தக் குக்கியைத் திருப்பி அனுப்பாது. லாகின் வெற்றி, அடுத்த நொடியே மறுபடியும் லாகின் பக்கம். ப்ராக்ஸி-குக்கி-பாத் அனோடேஷனில் பழையதையும் புதியதையும் கொடுங்கள்.

இரண்டு ஆப், ஒரே குக்கிப் பெயர். /பில்லிங்கில் நுழைந்தால் /ரிப்போர்ட்டில் வெளியேறிவிடுகிறது என்று புகார் வந்தால், இரண்டும் "/" பாதைக்கு ஒரே பெயரில் செஷன் குக்கி வைக்கின்றன. பெயரை மாற்றினால் போதும். இதை எப்படியோ எல்லோரும் செஷன் ஸ்டோரில்தான் போய்த் தேடுகிறார்கள்.

வெளி லாகின். திரும்பிவரும் யூஆர்எல் பொருந்தவில்லை என்று ஐடென்டிட்டி சர்வர் சொன்னால், அங்கே பதிவுசெய்த முகவரியில் முன்னொட்டு இருக்கிறதா என்று அதைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள்.

## அறிகுறி: முடிவில்லாத ரீடைரெக்ட்

மறுபடியும் அந்த லாக் வரி. 308 வந்து பாட் ஐபி இல்லையென்றால் சுற்றுவது இன்கிரஸ். 301 அல்லது 302 வந்து ஐபியும் இருந்தால் சுற்றுவது ஆப்.

இன்கிரஸ் என்றால்: முன்னால் இருக்கும் லோடு பேலன்சரோ சிடிஎன்னோ டிஎல்எஸ்ஸை (ஹெச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கம்) அவிழ்த்துவிட்டு உள்ளே வெறும் ஹெச்டிடிபியில் அனுப்புகிறது. இன்கிரஸ் அதைப் பார்த்து "ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ" என்கிறது. அது போய்த் திரும்ப ஹெச்டிடிபியாகவே வருகிறது. எஸ்எஸ்எல்-ரீடைரெக்டை அணைப்பது உடனடி மருந்து. கான்ஃபிக்மேப்பில் யூஸ்-ஃபார்வர்டட்-ஹெடர்ஸை ட்ரூ ஆக்குவது சரியான மருந்து. ஆனால் அது கிளஸ்டர் முழுவதையும் பாதிக்கும். நம்பகமான பேலன்சர் முன்னால் இல்லாத கிளஸ்டரில் வெளியாள் போலி ஹெடர் அனுப்ப வழிவிடும். நெட்வொர்க் குழுவைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

ஆப் என்றால்: தன் அடிப்படை முகவரி /பில்லிங் என்று அதற்குத் தெரியும், "/" வந்தால் /பில்லிங்/-க்கு அனுப்பும். இன்கிரஸோ /பில்லிங்கை வெட்டி "/" ஆக்கித் தருகிறது. மேலே சொன்ன இரட்டை வெட்டின் இன்னொரு முகம். ரீரைட்டை எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: 502, 503, 504

ரீரைட்டைச் சந்தேகிக்க வேண்டாம், இவை அநேகமாக அதற்குப் பின்னால் நடப்பவை.

503 என்றால் எண்ட்பாயிண்ட் காலி, அதாவது சர்வீஸுக்குப் பின்னால் தயாரான பாட் இல்லை. சர்வீஸின் செலக்டரும் பாட்டின் லேபிளும் ஒன்றா, பாட் ரெடி நிலையில் இருக்கிறதா, சர்வீஸ் அதே நேம்ஸ்பேஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

502 என்றால் டார்கெட்-போர்ட் தப்பு, அல்லது ஆப் 127.0.0.1-இல் மட்டும் கேட்கிறது, 0.0.0.0 ஆக்குங்கள். கன்ட்ரோலரின் எர்ரர் லாகில் ஹெடர் மிகப் பெரிது என்று வந்தால் ப்ராக்ஸி-பஃபர்-சைஸைக் கூட்டுங்கள். ஆப் டிஎல்எஸ்ஸில் பேசுவதென்றால் பேக்எண்ட்-ப்ரோட்டோகால் அனோடேஷன் வேண்டும்.

504 சரியாக ஒரு நிமிடத்தில் வந்தால் ப்ராக்ஸி-ரீட்-டைம்அவுட்டின் இயல்பு அளவான 60 விநாடி. கூட்டலாம். ஒரு நிமிடத்தில் பதில் தராத ஏபிஐயை முதலில் பார்ப்பது நல்லது.

## அறிகுறி: சான்றிதழ் புதுப்பிக்க மறுக்கிறது

சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் செர்ட்-மேனேஜரின் ஹெச்டிடிபி சோதனைப் பாதை ரீரைட்டில் சிக்கியிருக்கலாம். இன்கிரஸில் எடிட்-இன்-ப்ளேஸ் அனோடேஷன் இருந்தால், சோதனைப் பாதையும் உங்கள் இன்கிரஸுக்குள்ளேயே நுழைக்கப்படும்; உங்கள் ரீரைட்-டார்கெட் அதற்கும் பொருந்தி டோக்கன் தொலையும். அந்த அனோடேஷனை எடுங்கள், தனி இன்கிரஸ் உருவாகும். அப்படியும் வரவில்லையென்றால் டிஎன்எஸ் சோதனைக்கு மாறுவதைப் பற்றி டொமைனைப் பராமரிப்பவரிடம் பேசுங்கள். சான்றிதழ் காலாவதியாக இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் முதலில் அவரிடமே போங்கள்.

## அறிகுறி: கேட்வே ஏபிஐக்கு மாற்றிய பின் பாதைகள் உடைந்தன

இங்கே ரீரைட் அனோடேஷன் அல்ல. ஹெச்டிடிபி-ரூட்டுக்குள் (இன்கிரஸுக்குப் பதிலாக இங்கே எழுதும் வழி விதி) யூஆர்எல்-ரீரைட் என்ற ஃபில்டர். ரிப்ளேஸ்-ப்ரிஃபிக்ஸ்-மேட்ச் என்று போட்டு "/" கொடுத்தால் /ஏபிஐ/ஆர்டர் நேராக /ஆர்டர் ஆகும். அடைப்புக்குறி, டாலர் கணக்கு எதுவும் இல்லை.

ரூட் ஏற்கப்படவில்லை. டிஸ்கிரைப் செய்து ஸ்டேட்டஸைப் பாருங்கள். அக்செப்டட் ஃபால்ஸ் என்றால், கேட்வே லிசனர் வேறு நேம்ஸ்பேஸ் ரூட்டுகளை அனுமதிக்கிறதா என்று பாருங்கள்; இயல்பாகத் தன் நேம்ஸ்பேஸை மட்டுமே ஏற்கும். ரிசால்வ்டு-ரெஃப்ஸ் ஃபால்ஸ் என்றால் சர்வீஸ் பெயர் தப்பு, அல்லது அந்த சர்வீஸ் வேறு நேம்ஸ்பேஸில் இருந்தும் அதற்கான அனுமதியாகிய ரெஃபரன்ஸ்-கிராண்ட் எழுதப்படவில்லை.

அப்ளை செய்யும்போதே மறுக்கிறது. ரிப்ளேஸ்-ப்ரிஃபிக்ஸ்-மேட்ச் உள்ள விதியில் பாத்-ப்ரிஃபிக்ஸ் வகை மேட்ச் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு பாதைக்கு இரண்டு விதி எழுதுங்கள்.

முன்பு ஓடிய சில யூஆர்எல்கள் மட்டும் 404. பழைய இன்கிரஸ் ஹோஸ்ட் முழுக்க ரீஜெக்ஸாக இருந்ததால், பெரிய எழுத்தில் வந்ததையும் ஒட்டிக்கொண்டு வந்ததையும் தாராளமாக உள்ளே விட்டது. கேட்வேயின் பாத்-ப்ரிஃபிக்ஸ் எழுத்து வேறுபாடு பார்க்கும், துண்டு துண்டாகத்தான் ஒப்பிடும். யாரோ ஒரு கிளையன்ட் இத்தனை காலமாகத் தப்பான பாதையைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது. மாற்றும் முன்பே பழைய கன்ட்ரோலர் லாகிலிருந்து 200 கிடைத்த பாதைகளை எல்லாம் எடுத்து, தனித்தன்மையானவற்றைப் பட்டியலாக்கி, புதிய கேட்வேயிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். பழைய லாக் அழிந்த பிறகு இந்தப் பட்டியலை எங்கிருந்தும் எடுக்க முடியாது.

ரீஜெக்ஸே வேண்டும் என்றால், அது கேட்வேக்குக் கேட்வே மாறும். ஒன்றில் எழுதியது இன்னொன்றில் ஓடும் என்ற உறுதி இல்லை. யூஆர்எல்-ரீரைட்கூட எல்லாச் செயலாக்கத்துக்கும் கட்டாயமானது அல்ல. உங்கள் கேட்வே எதை ஆதரிக்கிறது என்று அதன் ஆவணத்தில் பார்த்த பிறகு யாம்லைத் தொடுங்கள். ஆதரவு இல்லையென்றால் வேறு கேட்வே தேர்ந்தெடுப்பது கிளஸ்டர் குழுவின் முடிவு, உங்கள் ரூட் கோப்பில் தீராது.